டிஸ்க் இருக்கிறது, லினக்ஸுக்கு ஏன் தெரியவில்லை?

சர்வரில் நான்கு ஹார்ட் டிஸ்க்குகள் மாட்டியிருக்கின்றன. விளக்குகள் பச்சையாக எரிகின்றன. ஆனால் லினக்ஸ் இன்ஸ்டாலர், எந்த டிஸ்க்கில் நிறுவுவது என்று கேட்க வேண்டிய பக்கத்தில், டிஸ்க்கே இல்லை என்கிறது. முதல்முறை இதைப் பார்ப்பவர்கள் டிஸ்க்கைக் கழற்றி மாட்டுவார்கள், கேபிளை மாற்றுவார்கள். அதற்கு முன், சர்வருக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் இருந்து டிஸ்க்குகளை இயக்கும் கன்ட்ரோலரை விசாரித்துவிடுவது நல்லது.

ஏனென்றால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் இந்த டிஸ்க்குகளோடு நேரடியாகப் பேசுவதில்லை. கன்ட்ரோலர் வழியாகத்தான் பேசுகிறது. சாதாரணக் கணினிகளின் சாட்டா (டிஸ்க் இணைப்பு வகை) கன்ட்ரோலர்கள் பெரும்பாலும் ஏஹெச்சிஐ என்ற பொது முறையைப் பின்பற்றுவதால் ஒரே டிரைவர் அவற்றுக்குப் போதும். பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாகக் கையாளும் கன்ட்ரோலரான, சர்வரின் ரெய்டு அட்டை அப்படியல்ல. அதற்குள்ளேயே ஒரு சிறிய செயலியும் நினைவகமும் இருக்கும். அது பேசும் பாஷையும் தனி. அந்தப் பாஷை தெரிந்த டிரைவர் ஏறினால்தான் டிஸ்க் கண்ணில் படும்.

எந்த டிரைவரை ஏற்றுவது என்று கெர்னல் முடிவெடுக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. அது அட்டையின் பெயரைப் பார்ப்பதே இல்லை, எண்ணைத்தான் பார்க்கிறது. ரெய்டு அட்டை போல மதர்போர்டின் பிசிஐ இணைப்பில் சேரும் ஒவ்வொரு சாதனமும் தயாரிப்பாளர் எண், சாதன எண் என்று இரண்டு 16 பிட் எண்களைச் சுமந்திருக்கிறது. இன்டெலின் எண் 8086. எல்எஸ்ஐ நிறுவனத்தின் எண் 1000. அதன் எஸ்ஏஎஸ்2008 சிப் 1000:0072 என்று தன்னை அறிவித்துக்கொள்ளும். ஒவ்வொரு டிரைவரும் தன்னால் கையாள முடிந்த எண்களின் பட்டியலை வைத்திருக்கிறது. எண் பொருந்தினால் டிரைவர் ஏறும். பட்டியலில் அந்த ஒரு வரி இல்லையென்றால், அட்டையின் பாஷை முழுக்கத் தெரிந்த டிரைவர்கூட அதைத் தொடாது.

2019-இல் வெளிவந்த, ரெட் ஹேட் நிறுவனத்தின் லினக்ஸ் 8-ஆம் பதிப்பில் பலருக்கு நேர்ந்தது இதுதான். பழைய ரெய்டு அட்டைகள் பலவற்றின் எண்களை ஆதரவுப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். 7-ஆம் பதிப்பு ஓடிய அதே சர்வரில் 8-ஐ நிறுவப் போனால் டிஸ்க் காணாமல் போனது. ஈஎல்ரெப்போ என்ற தன்னார்வத் திட்டம் இப்படி விடுபட்ட அட்டைகளுக்கு 'டிரைவர் டிஸ்க்' எனப்படும், டிரைவர் அடங்கிய கோப்புகளைத் தருகிறது. இன்ஸ்டாலர் கிளம்பும்போது இன்ஸ்ட்.டிடி என்ற விருப்பத்தின் வழியாக அதைக் கொடுக்கலாம்.

உங்கள் சர்வரில் நடப்பது இதுதானா என்று பார்க்க, இன்ஸ்டாலரிலேயே கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பொதுவாக கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஷெல் ஒன்று கிடைக்கும். அங்கே எல்எஸ்பிசிஐ கட்டளையை 'என்என்கே' விருப்பத்தோடு ஓட்டுங்கள். அட்டையின் எண்ணும், அதை இப்போது எந்த டிரைவர் வைத்திருக்கிறது என்பதும் தெரியும். அட்டையே வரவில்லையென்றால் ஸ்லாட்டையோ பயாஸ் அமைப்பையோ பார்க்க வேண்டும். அட்டை இருந்து டிரைவர் இல்லையென்றால் மேலே சொன்ன கதை.

டிரைவர் ஏறியும் டிஸ்க் வராததுதான் ஆளைக் குழப்பும். சரி, அப்போது ரெய்டு அட்டையின் அமைப்புத் திரைக்குப் போங்கள். பல அட்டைகள் தனி டிஸ்க்குகளை இயங்குதளத்துக்குக் காட்டுவதில்லை. நீங்கள் உருவாக்கிய மெய்நிகர் டிஸ்க்கை மட்டுமே காட்டும். ஒன்றுமே உருவாக்கவில்லையென்றால் காட்ட அதனிடம் எதுவும் இல்லை. மெய்நிகர் டிஸ்க் ஒன்றை உருவாக்கலாம், அல்லது டிஸ்க்குகளை அப்படியே காட்டும் ஹெச்பிஏ முறைக்கு அட்டையை மாற்றலாம். இரண்டுமே டிஸ்க்கில் இருக்கும் தரவை அழித்துவிடக்கூடும். பழைய தரவு வேண்டுமென்றால் முதலில் நகல் எடுங்கள். இதில் அவசரம் வேண்டவே வேண்டாம்.

பெரிய சேமிப்பகங்களிலிருந்து கழற்றிய எஸ்ஏஎஸ் (சர்வர்களுக்கான இணைப்பு வகை) டிஸ்க் என்றால் இன்னொரு சந்தேகமும் உண்டு. அவற்றில் சில, டிஸ்க்கின் சிறு பகுதியான ஒரு செக்டாருக்கு 512 பைட்டுக்குப் பதில் 520 பைட் என்று ஃபார்மட் ஆகியிருக்கும். லினக்ஸ் டிஸ்க்கை அடையாளம் கண்டாலும் பயன்படுத்தாது. எஸ்ஜி ஃபார்மட் என்ற கருவியால் 512-க்கு மாற்றலாம். உள்ளே இருப்பதெல்லாம் அழியும், மணிக்கணக்கில் நேரமும் எடுக்கும்.

நிறுவி முடித்து மறுபடி இயக்கும்போது பாதியில் நின்றுபோவது வேறு வகை. டிரைவர் கோப்பு இருப்பது டிஸ்க்கில். டிஸ்க்கைப் படிக்க அந்த டிரைவர் வேண்டும். பெட்டிக்குள்ளேயே பெட்டியின் சாவி. அதனால்தான் கணினி கிளம்பும்போது கெர்னலை ஏற்றும் பூட்லோடர், கெர்னலோடு இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு கோப்புத் தொகுப்பையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. கன்ட்ரோலர் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே கட்டப்படாதபோது, அது இந்தத் தொகுப்பில் இருந்தாக வேண்டும். ரெட் ஹேட் வகைகளில் இதைத் தயாரிக்கும் டிராகட், இடத்தை மிச்சப்படுத்த அந்த சர்வருக்கு வேண்டிய டிரைவர்களை மட்டுமே சேர்க்கும். பிறகு டிஸ்க்கை வேறு கன்ட்ரோலர் உள்ள சர்வருக்கு மாற்றினால் அது கிளம்பாமல் போகலாம். பூட் மெனுவில் 'ரெஸ்க்யூ' என்று இருக்கும் வரி எல்லா டிரைவர்களோடும் தயாரானது. அதன் வழியாக உள்ளே போய் டிராகட்டை மறுபடி ஓட்டினால் போதும். வெளியிலிருந்து சேர்த்த டிரைவர் என்றால், கெர்னலைப் புதுப்பித்த பிறகு அது புதிய கெர்னலுக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், புதிய கெர்னல் ஒழுங்காகக் கிளம்பும் வரை பழைய கெர்னலை நீக்காதீர்கள்.