மயக்கம் தெளிந்த பிறகு வரும் காமாலை

1847 ஜூனில் கிரஹாம்ஸ்டவுன் மருத்துவர் ஆதர்ஸ்டோன், ஈதர் ஆவியை முகரவைத்து ஒருவரின் காலை அகற்றினார். தென்னாப்பிரிக்காவில் வாயு மயக்கத்தின் தொடக்க நாட்கள் அவை. ஆனால் ஈதர் தீப்பற்றும். 1956-இல் வந்த ஹாலோதேன் என்ற மயக்க மருந்து பற்றாது, மூச்சையும் எரிக்காது. உலகமே அதற்கு மாறியது.

பிறகுதான் சிக்கல் தெரிந்தது. அறுவை நன்றாக முடிந்த சிலருக்குச் சில நாள் கழித்துக் காய்ச்சல், அடுத்து மஞ்சள் காமாலை. மிக அரிது, ஏறத்தாழ 10,000 முதல் 35,000 பேருக்கு ஒருவர்தான். வந்தால் பெரும்பாலும் உயிரைக் குடித்தது.

மருந்து நேராகக் கல்லீரலைச் சுட்டது என்று நினைத்தால் தவறு. முகர்ந்த ஹாலோதேனில் சுமார் 20 சதவீதத்தைக் கல்லீரல் நொதிகள் உடைக்கின்றன. அதில் பிறக்கும் துண்டொன்று கல்லீரலின் சொந்தப் புரதத்தில் ஒட்டிக்கொள்கிறது. வீட்டுப் பிள்ளை வேற்றுச் சட்டையில் வந்தால் காவலாளி அடிப்பதைப் போல, நோயெதிர்ப்பு மண்டலம் அந்தப் புரதத்தைத் தாக்குகிறது. முதல் தடவை பெரிதாக எதுவும் தெரியாமல் போகலாம். எதிர்ப்பொருள் தயாரான பின், குறிப்பாகச் சில வாரங்களுக்குள், அதே மருந்தை மறுபடி கொடுப்பதில்தான் ஆபத்து.

பின்னால் வந்த ஆவி மயக்க மருந்துகளில், ஐசோஃப்ளூரேனில் உடைவது சுமார் 0.2 சதவீதம், டெஸ்ஃப்ளூரேனில் 0.02. துண்டு அதே இனம்தான், அளவு சொற்பம். செவோஃப்ளூரேன் 2 முதல் 5 சதவீதம் உடைகிறது. கணக்குப் பார்த்தால் இந்த மூன்றில் அதுதான் மோசமாக இருக்கவேண்டும்! ஆனால் அதிலிருந்து அந்தத் துண்டு உருவாவதே இல்லை. சதவீதத்தை மட்டும் பார்த்துப் பயப்படுவதில் பொருளில்லை.

நம் டர்பன் பக்கத்தில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். காசநோய்க்கான ஐசோனியாசிட், சில எச்.ஐ.வி. மருந்துகள், மது எல்லாமே தம்மளவில் கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. அறுவைக்குப் பின் காமாலை வந்தால் மயக்க மருந்தின் மேல் உடனே பழிபோட முடியாது. எதை விழுங்குகிறீர்கள் என்று முன்னதாகவே சொல்லுங்கள், ஆனால் நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். கல்லீரல் அழற்சி முற்றியிருக்கும்போது, அவசரமில்லாத அறுவையைத் தள்ளிவைப்பதே முறை.

மயக்க மருந்தால் யாருக்குக் காமாலை வரும் என்று முன்கூட்டிக் காட்டும் வழக்கமான பரிசோதனை கிடையாது. எனவே மயக்க மருத்துவருக்கு உங்கள் பழைய கதையே பெரிய துப்பு. டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பல பத்தாண்டு முன் அறுவை செய்துகொண்ட பாட்டிக்கு, அந்த அறுவைக்குப் பின் காரணம் தெரியாத காய்ச்சலோ காமாலையோ வந்திருந்தால், அதைக் கூடப் போகிறவர் சொல்லவேண்டும். அப்போது ஆவி மருந்துகளைத் தவிர்த்து, நரம்பில் ஏற்றும் புரோபோஃபாலையோ முதுகில் போடும் ஊசியையோ தேர்ந்தெடுப்பார்கள்.