கூட்டத்து மீனை ஜோடியாக வாங்காதீர்கள்

"அண்ணே, நியோன் ரெண்டு, கப்பி ரெண்டு, டைகர் பார்ப் ரெண்டு போடுங்க." மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் என் மீன் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் கேட்கிறார்கள். பிள்ளைகளும் கூட வந்துவிட்டால் இன்னும் நாலு வகை சேரும். ஒரே வகையில் எட்டு வாங்குங்கள் என்றால் வியாபாரப் பேச்சு என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும், காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நியோன், ரஸ்போரா, டானியோ எல்லாம் ஆற்றில் கூட்டமாகத் திரிகிற மீன்கள். பல கண்கள் காவல் பார்க்கும். பெரிய மீன் பாய்ந்து வந்தாலும் எதைப் பிடிப்பது என்று தடுமாறிப்போகும். அந்தக் கூட்டம் இல்லாத மீனுக்கு நாள் முழுக்கப் பயம்தான். ஃபில்டருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், நிறம் வெளிறும், தீனி போட்டாலும் மேலே வராது, நோயும் சீக்கிரம் தொற்றும். டைகர் பார்ப் இன்னொரு ரகம். இரண்டு மூன்று மட்டும் இருந்தால் பக்கத்தில் போகிற கப்பியின் வாலைக் கடித்துக் குதறும். பத்து சேர்ந்தால் அடிதடி பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே முடிந்துவிடும். அப்படியும் நீள வால் மீன் எதையும் அதோடு நான் சேர்ப்பதில்லை.

ஒரு வகையில் குறைந்தது 6 வேண்டும், 8 முதல் 10 இருந்தால் நல்லது. இரண்டு அடித் தொட்டியில் சுமார் 60 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதில் ஒரே வகையாகப் பத்து ரஸ்போராவை விட்டுப் பாருங்கள். வேறு அலங்காரமே வேண்டாம். இந்த மீன்கள் குறுக்கே நீந்துகிறவை, அதனால் உயரமான தொட்டியைவிட நீளமான தொட்டிதான் உதவும்.

அப்புறம் சூடு. நியோன் டெட்ரா அமேசான் பக்கத்து நிழலான ஓடைகளில் வாழ்வது, 22 முதல் 25 டிகிரிதான் அதற்குச் சுகம். நம் ஊரில் தகரக் கூரை வீட்டு ஹாலில் மத்தியானத் தண்ணீர் 30 டிகிரியைத் தொட்டுவிடும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்துவைக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். சூடு ஏறினால் மீனுக்கு ஆக்சிஜன் தேவையும் ஏறும். ஆக, இரண்டு பக்கமும் இடி. குளிர் நாட்டுக்காரர்களின் வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே ஹீட்டர் கேட்டு வருகிறவர்களை என்ன சொல்வது! வெயில் படாத சுவரோரம் தொட்டியை வையுங்கள். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, ஒரு குட்டி மின்விசிறியைத் தண்ணீர் மேல் திருப்பிவிட்டால் இரண்டு டிகிரியாவது இறங்கும். நியோன் சாயலிலேயே வேண்டுமென்றால் கார்டினல் டெட்ரா வாங்குங்கள், சூட்டை அது ஓரளவு தாங்கும்.

என்னைக் கேட்டால் ஹார்லிகுவின் ரஸ்போராதான். இது நம் மண்ணின் மீன். தீபகற்ப மலேசியாவின் காட்டோடைகளிலும், தேத்தண்ணி நிறத்தில் நீர் ஓடும் சதுப்புக் காடுகளிலும் வாழ்வது. செம்பு நிற உடம்பு, நடுவிலிருந்து வால் வரைக்கும் குறுகிக்கொண்டே போகும் கறுப்பு முக்கோணம். அந்த முக்கோணத்தின் முன்பக்கக் கீழ்முனை கூராக இருந்தால் பெரும்பாலும் ஆண். பெண்ணுக்கு முனை மழுங்கி, வயிறு கொஞ்சம் பருத்திருக்கும். முட்டையிடும்போது தலைகீழாகத் திரும்பி இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டும். காய்ந்து விழுந்த கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை ஒன்றைக் கழுவித் தொட்டியில் போட்டால் தண்ணீர் லேசாகப் பழுப்பேறும், இந்த மீனுக்கு அது பிடிக்கும். மருந்து அடித்த இடத்து இலை மட்டும் வேண்டாம்.

வாங்கும்போது கடைத் தொட்டியையும் பாருங்கள். செத்த மீன் மிதந்தால் அந்தத் தொட்டியில் எதையும் வாங்காதீர்கள், என் கடையானாலும் சரி. நியோனின் சிவப்புக் கோடு நடுநடுவே வெளுத்து, முதுகு வளைந்து, கூட்டத்தைவிட்டுத் தனியே நீந்தினால் அது நியோன் நோயாக இருக்கலாம். நுண்ணிய ஒட்டுண்ணியால் வருவது, நம்பிக் கொடுக்க மருந்து கிடையாது, உடனே பிரித்துவிட வேண்டும். ஆனால் ராத்திரியில் நிறம் மங்குவது நோயில்லை. "அண்ணே, மீனெல்லாம் வெளுத்துப்போச்சு" என்று தூங்கும் நேரத்தில் வாட்சாப்பில் படம் அனுப்புவார்கள். காலையில் விளக்கு போட்டுக் கொஞ்ச நேரத்தில் நிறம் தானாகத் திரும்பும்.

தண்ணீர் விஷயம் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். பைப் தண்ணீருக்கு ஆன்ட்டி குளோரின், அதாவது குளோரினை முறிக்கும் மருந்து, கட்டாயம். புதுத் தொட்டியில் மீன் விடாமலே ஃபில்டரை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு, நாலு முதல் ஆறு வாரம் பொறுங்கள். அதற்குள் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா ஃபில்டரில் வளர்ந்துவிடும். கழிவிலிருந்து வரும் விஷங்களான அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கி, தண்ணீர்ச் சோதனையில் பூஜ்யம் காட்டிய பிறகு மீனை விடலாம். ஃபில்டர் ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். பைப்பில் பிடித்தால் குளோரின் அந்த நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

கடைசியாக, பாசி தின்னும் என்று குட்டியாக வாங்கிப்போகும் பண்டாராயா மீன் (பிளெக்கோ). அது ஓர் அடிக்கு மேல் வளரும், இரண்டு அடித் தொட்டியில் அது திரும்பக்கூட இடமிருக்காது. பெரிதானதும் ஆற்றில் கொண்டுபோய் விடுகிறார்கள். சிலாங்கூர் பக்கத்து ஆறுகளில் அது பெருகி, ஆட்கள் இறங்கிப் பிடிக்கும் நிலைமை வந்துவிட்டது. வைத்துக்கொள்ள முடியாவிட்டால் என்னிடம் கொண்டுவாருங்கள். காசு தர மாட்டேன், மீனை வாங்கிக்கொள்வேன்.