கவனம் சிதறுவதைக் கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

விமானம் மேலே ஏறி நிலைக்கு வந்தபிறகு பெரும்பாலும் ஓட்டுவது ஆட்டோபைலட்தான், விமானி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவே. ஆனால் மணிக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டே இருப்பது மனித மூளைக்குச் சுத்தமாக வராத வேலை. எல்லாம் இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்று தெரிந்ததும் கவனம் எங்கேயோ போய்விடும், அந்த நேரம் பார்த்து ஒரு கோளாறு வந்தால் என்ன நடக்கிறது என்று புரிவதற்கே நேரம் ஓடிவிடும். 1990-களில் நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் ஆலன் போப் என்பவரும் அவருடைய குழுவும் இதற்கு ஒரு வழி யோசித்தார்கள்: கவனம் குறைவதைக் கணினியே கண்டுபிடித்து, "இந்தாங்க, கொஞ்ச நேரம் நீங்களே ஓட்டுங்க" என்று வேலையைத் திருப்பிக் கொடுத்தால் என்ன?

கண்டுபிடிக்க அவர்கள் எடுத்துக்கொண்டது இ.இ.ஜி. தலையில் மின்முனைகளை வைத்து மூளையின் மின்சாரத்தை அளக்கும் முறை, ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் முதன்முதலாக மனிதர்களிடம் பதிவு செய்தது. கிடைக்கும் மின்னழுத்தம் சில பத்து மைக்ரோவோல்ட்தான், ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வருமே, அப்படிச் சில பத்துத் துண்டுகள். இதில் "எனக்குத் தூக்கம் வருகிறது" என்றெல்லாம் எதுவும் எழுதியிருக்காது. அலைகள் இருக்கும். வினாடிக்கு 8 முதல் 12 முறை அலைவது ஆல்ஃபா, கண்ணை மூடி ஓய்வாக இருந்தால் இது ஓங்கும். அதைவிட மெதுவானது தீட்டா, அரைத்தூக்கத்தில் கூடும். வேகமானது பீட்டா, விழிப்பாக ஒரு வேலையில் இறங்கியிருக்கும்போது அதிகம். போப் குழு பீட்டாவின் அளவை, ஆல்ஃபாவும் தீட்டாவும் சேர்ந்த அளவால் வகுத்தது. வருகிற எண் ஏறினால் ஈடுபாடு ஏறுகிறது என்று கணக்கு.

சரி, அந்த எண் உண்மையிலேயே ஈடுபாட்டைத்தான் அளக்கிறது என்று எப்படித் தெரியும்? எனக்கு இந்த ஆராய்ச்சியிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். ஆளைக் கூப்பிட்டு "இப்போது கவனமாக இருந்தீர்களா?" என்று கேட்கவில்லை. சோதனைக்கு வந்தவரைத் திரையில் ஒரு புள்ளியைத் துரத்தும் வேலை உள்ள விளையாட்டு மாதிரியான ஒன்றின் முன் உட்காரவைத்து, எண் இறங்கும்போதெல்லாம் கணினி ஒதுங்கிக்கொண்டு வேலையை அவர் கையில் கொடுத்தது, எண் ஏறினால் தானே எடுத்துக்கொண்டது. கை வேலை செய்தால் ஈடுபாடு கூடும், சும்மா இருந்தால் குறையும். ஆக எண் சரியானது என்றால், வேலை கைக்கும் கணினிக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பிறகு அதே விதியைத் தலைகீழாக்கினார்கள்: ஈடுபாடு குறைந்தால் இன்னும் சும்மா உட்காரவை, கூடினால் வேலையைக் கொடு. இப்போது எது நிகழ்ந்தாலும் அது தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும், கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் கிளம்புமே ஒரு கீச்சொலி, அந்த மாதிரி. ஒரே பக்கத்தில் போய் மாட்டிக்கொள்ளும். இந்த இரண்டு நிலைக்கும் நடுவே வித்தியாசம் எந்தச் சூத்திரத்தில் நன்றாகத் தெரிகிறதோ அதுதான் உருப்படியான அளவுகோல். பல சூத்திரங்களைப் போட்டியிட வைத்ததில் மேலே சொன்ன வகுத்தல் ஜெயித்தது. 1995-இல் ஆய்வுக்கட்டுரையாக வந்தது, இன்றைக்கும் பலர் அதே சூத்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், மனதைப் படிக்கும் கணினி என்று விளம்பரம் வருகிறபோது நாம் நினைத்துக்கொள்வது வேறு. இங்கே கணினிக்கு மனம் பற்றி எதுவும் தெரியாது. ஒரு எண், ஒரு எல்லை, எல்லை தாண்டினால் ஒரு செயல், அந்தச் செயல் மறுபடி எண்ணை மாற்றுகிறது. அந்த எண்ணும் சுலபமாக ஏமாறும். பல்லைக் கடித்தால் தாடைத் தசையின் மின்சாரம் மூளை அலைகளை மூழ்கடித்துவிடும், அதுவும் பீட்டா அலையும் அதே வேகத்திலேயே வந்து உட்காரும், கோபத்தில் பல்லைக் கடிப்பவர் கணினியின் கண்ணுக்கு மிகுந்த ஈடுபாட்டுடன் இருப்பவர்!

முகத்தைப் பார்த்து உணர்ச்சியைச் சொல்கிறேன் என்பது இன்னும் வழுக்கலான இடம். சிரிப்பவர் எல்லாம் மகிழ்ச்சியாக இல்லை. மைக்ரோசாப்ட் 2022-இல் தன் முக ஆய்வுச் சேவையிலிருந்து உணர்ச்சியை ஊகிக்கும் வசதியை எடுத்துவிடுவதாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியமோ 2025 பிப்ரவரியிலிருந்து, மருத்துவம், பாதுகாப்பு தவிர்த்து, அலுவலகத்திலும் பள்ளியிலும் இத்தகைய ஊகத்துக்கே தடை போட்டுவிட்டது. நியாயமான தடை என்றுதான் எனக்குப் படுகிறது.

கார் தயாரிப்பவர்கள் புத்திசாலிகள், தலையைத் தொடவே இல்லை. ஓட்டுநரின் சோர்வைக் கண்டுபிடிக்க மெர்சிடிஸ் 2009-இல் கொண்டுவந்த ஏற்பாடு முக்கியமாக ஸ்டியரிங்கைக் கவனிக்கிறது. விழிப்பாக ஓட்டுபவர் சின்னச் சின்னத் திருத்தங்களைச் செய்துகொண்டே இருப்பார், தூக்கம் சொக்கும்போது கொஞ்ச நேரம் ஸ்டியரிங் அசையாமல் இருந்து, பிறகு வெடுக்கென்று ஒரு திருப்பு வரும். கிளம்பிய சில நிமிடங்களில் உங்கள் பாணியைப் பதிந்துகொண்டு, அதிலிருந்து விலகினால் காபி கோப்பைப் படத்தைக் காட்டி ஓய்வெடுக்கச் சொல்லும்.

மூளையை நேராகப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை தந்தது பியானோ பாடம் ஒன்று. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் பெஸ்தே யுக்செல் குழு 2016-இல் வெளியிட்டது. நெற்றியில் கட்டிய பட்டை தோல் வழியாக ஒளியைச் செலுத்தி, மூளையின் முன்பகுதியில் ரத்த ஆக்ஸிஜன் எப்படி மாறுகிறது என்று பார்க்கிறது. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின், நான்கு இசை வரிகள் சேர்ந்து ஒலிக்கும் துண்டு ஒன்றை ஒரே நேரத்தில் திணிக்காமல், மனச்சுமை குறையும்போது மட்டும் அடுத்த வரியைச் சேர்க்கிறார்கள். தாங்களாகவே பழகியபோது இருந்ததைவிட இப்படிக் கற்றபோது கற்பவர்கள் வேகமாகவும் பிழை குறைவாகவும் வாசித்தார்கள். ரத்த ஓட்டம் மாறச் சில வினாடிகள் ஆகும், விமானத்துக்கோ காருக்கோ அந்தத் தாமதம் கட்டுப்படியாகாது. பாடத்துக்குத் தாராளமாகப் போதும், கணிப்பு தப்பினாலும் அடுத்த வரி கொஞ்சம் முன்னே பின்னே வரும், அவ்வளவுதான்.