பயிர் மறைத்தாலும் பாதை பாதைதான்: இங்கிலாந்துக் கிராமங்களில் வீடு வாங்குகிறவர்களுக்கும் நடக்கிறவர்களுக்கும்

லண்டன் பக்கத்திலிருந்து கிளம்பிக் கிராமப்புறமாக வீடு வாங்கி வந்துவிட்ட தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விதான். "எங்க தோட்டத்துக்குள்ள யார் யாரோ நடந்து போறாங்க, தடுக்க முடியுமா?" என்பது ஒன்று. "ரோட்டோரம் பாதைன்னு கைகாட்டி இருக்கு, உள்ளே போனா வெறும் பயிர்தான் நிக்குது, போகலாமா கூடாதா?" என்பது இன்னொன்று. நான் ஒரு கவுன்டி கவுன்சிலில், அதாவது நம் மாவட்ட நிர்வாகம் போன்ற அமைப்பில், பொதுப் பாதைகளைக் கவனிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். இரண்டு கேள்விக்கும் பதிலை ஒரே இடத்தில்தான் தேட வேண்டும். வேலியையும் கேட்டையும் போர்டையும் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள், முதலில் கவுன்சிலில் இருக்கும் வரைபடத்தைப் பாருங்கள்.

அந்த வரைபடத்துக்கு டெஃபினிட்டிவ் மேப் என்று பெயர். 1949இல் வந்த தேசியப் பூங்காக்கள் சட்டம்தான் ஒவ்வொரு கவுன்டியும் தன் எல்லைக்குள் உள்ள பொதுப் பாதைகளையெல்லாம் வரைந்து வைக்க வேண்டும் என்றது. கவுன்டி ஆட்களால் ஒவ்வொரு வயலாக நடக்க முடியுமா? அதனால் 1950களின் தொடக்கத்தில் அந்த வேலை பாரிஷ் கவுன்சில்களிடம் போனது. நம் ஊர்ப் பஞ்சாயத்து அளவு சின்ன அமைப்புகள் அவை. ஊரில் விவரம் தெரிந்த சிலர் பாதைகளை நடந்து பார்த்து, எங்கே கேட், எங்கே மரப்படி, எங்கே ஓடைப்பாலம் என்று எழுதிக் கொடுத்தார்கள். சில ஊரில் அருமையாகச் செய்திருக்கிறார்கள். சில ஊரில் அரைகுறை. விளைவு இன்றைக்கும் தெரிகிறது: ஒரு பாதை நன்றாக வந்துகொண்டே இருக்கும், வயல் நடுவில் பாரிஷ் எல்லை வந்ததும் வரைபடத்தில் சட்டென்று நின்றுவிடும். ஏனென்றால் பக்கத்துப் பாரிஷ்காரர்கள் தங்கள் பங்கைக் குறித்துக் கொடுக்கவே இல்லை. யாரும் வயல் நடுவில் போய் நின்றுவிட்டுத் திரும்புவதற்காக நடந்திருக்க மாட்டார்கள் அல்லவா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்துச் சுமார் 2,25,000 கிலோமீட்டர் நீளத்துக்கு இப்படிப் பதிவான பாதைகள் இருக்கின்றன. பாரிஷ் பெயரும் ஒரு எண்ணும்தான் ஒவ்வொன்றுக்கும் அடையாளம். பாதையோரக் கம்பங்களில் இருக்கும் அம்புக்குறி மஞ்சள் என்றால் நடப்பவர்களுக்கு மட்டும். நீலம் என்றால் குதிரையும் போகலாம், 1968 சட்டத்துக்குப் பிறகு சைக்கிளும் போகலாம். அரசின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்புளோரர் வரைபடத்தில் பச்சைக் கோடாகத் தெரிவது இந்தப் பதிவிலிருந்து எடுத்ததுதான். கறுப்புப் புள்ளிக்கோடு வேறு விஷயம். தரையில் ஒரு தடம் இருக்கிறது என்று மட்டுமே அதற்கு அர்த்தம்.

இப்போது சட்டத்தின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பாதி வழக்குகள் இதைப் புரிந்துகொள்ளாததால்தான் வருகின்றன. ஒரு பாதை டெஃபினிட்டிவ் மேப்பில் இருந்தால் அந்தப் பாதை சட்டப்படி இருக்கிறது, அவ்வளவுதான். ஐம்பது வருடமாக ஒருவரும் நடக்கவில்லை, முட்புதர் ஆளுயரத்துக்கு வளர்ந்துவிட்டது, பழைய சொந்தக்காரர் சுவரே கட்டிவிட்டார் என்பதெல்லாம் அந்த உரிமையை அழிக்காது. முறைப்படி ஆணை பிறப்பித்தால் மட்டும்தான் ஒரு பாதையை மூடவோ மாற்றவோ முடியும். ஆனால் இதைத் திருப்பிப் போட்டால் சரியாக வராது: வரைபடத்தில் இல்லை என்பதாலேயே உரிமை இல்லை என்று ஆகிவிடாது. பதிவாகாமல் விட்டுப்போன பாதைகள் இன்னும் நிறைய இருக்கின்றன.

வீடு வாங்குகிறவர்களுக்கு முதலில் சொல்கிறேன். என் மேசைக்கு வந்த ஒரு வழக்கைப் போல அச்சு அசலாக வேறு பல வந்திருக்கின்றன. பழைய களஞ்சியத்தை வீடாக மாற்றிய இடம், அழகான புல்வெளி, வேலியோரமாகச் சுத்தமாக வெட்டிய ஒரு பாதை, அதில் "நடைபாதை இந்தப் பக்கம்" என்று மரத்தில் செதுக்கிய பலகை. ஊர்க்காரர்களும் பல வருடமாக அந்த ஓரப் பாதையிலேயே நடக்கிறார்கள், ஒரு சண்டையும் இல்லை. வாங்கியவர்கள் சந்தோஷமாக வாங்கிவிட்டார்கள். பிறகு கடனை மாற்றி எழுதப் போனபோதுதான் வங்கியின் வக்கீல் கேட்டார்: வரைபடத்தில் கோடு வேறு இடத்தில் போகிறதே? போய்ப் பார்த்தால் சட்டப்படியான பாதை முந்தைய சொந்தக்காரர் கட்டிய சமையலறை நீட்டிப்புக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வருகிறது. அவர் பாதையைத் தன் இஷ்டத்துக்கு நகர்த்திவிட்டு, ஆணை எதுவும் வாங்காமலேயே விட்டிருந்தார். அந்தப் பலகைக்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் கிடையாது. வந்த தலைவலி முழுக்கப் புதுச் சொந்தக்காரர்கள் தலையில்தான்.

இதைத் தவிர்ப்பது பெரிய வித்தை இல்லை. வாங்கும்போது உங்கள் வக்கீல் அந்த இடத்தைப் பற்றிக் கவுன்சிலிடம் கேட்கும் விசாரணையில், அதாவது லோக்கல் சர்ச்சில், பொதுப் பாதை பற்றிய கேள்வி இருக்கிறது. பதில் வந்ததும் "ஆம், ஒரு பாதை உண்டு" என்ற ஒற்றை வரியோடு விட்டுவிடாதீர்கள், அதன் வரைபட நகலைக் கேட்டு வாங்குங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டத்தில் போய் நில்லுங்கள். கோடு போகும் இடத்தில் தரையில் உண்மையில் வழி இருக்கிறதா, இல்லை ஷெட்டோ நீச்சல் குளமோ இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, கவுன்சில் இணையதளத்தில் தெரிவது வேலைக்கு உதவும் பிரதி மட்டும்தான், சட்டப்படியான மூலம் அலுவலகத்தில் இருக்கிறது. பல கவுன்டிகளில் அந்த மூலம் பழைய ஆறு அங்குல வரைபடம், அதாவது 1:10,560. அந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் பேனாக் கோடு தரையில் பத்து மீட்டருக்கு மேல்! அதனால் சந்தேகம் இருந்தால் வரைபடத்தோடு சேர்ந்த விவர அறிக்கையையும் பார்க்க வேண்டும். "வேலியின் வடக்குப் பக்கமாக" என்று அதில் ஒரு வரி இருந்தால் உங்கள் வீட்டு விலையே மாறலாம்.

பாதையை நகர்த்த முடியாதா என்றால், முடியும். 1980 நெடுஞ்சாலைச் சட்டத்தின் 119ஆம் பிரிவில் விண்ணப்பிக்கலாம். பணம் செலவாகும், காலம் இழுக்கும், ஆணை வெளியானதும் 28 நாள் ஆட்சேபணைக்கு விட வேண்டும், ஆட்சேபணையை யாரும் திரும்பப் பெறாவிட்டால் விஷயம் இப்படிப்பட்ட தகராறுகளை விசாரித்து முடிவு செய்யும் அரசு அமைப்பான பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டுக்குப் போகும். நிச்சயம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் ஊர்க்காரர்களோடும் பாரிஷ் கவுன்சிலோடும் முன்கூட்டியே பேசி, புதுப் பாதையும் பழையதைப் போலவே வசதியாக இருந்தால், சுமுகமாக முடிந்த விண்ணப்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யக்கூடாத ஒன்று: முதலில் அடைத்துவிட்டு அப்புறம் விண்ணப்பிப்பது.

அடைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கிழக்கு சசெக்ஸில் ஃப்ராம்ஃபீல்ட் 9 என்ற பாதையைச் சொல்லலாம். பணபலம் உள்ள ஒரு நில உடைமையாளர் தரப்பு அதன் மேல் களஞ்சியம் கட்டி, முள்கம்பி போட்டுப் பத்து வருடத்துக்கும் மேலாக மூடி வைத்தது. கவுன்சிலோ அடைப்பை அகற்றுவதற்குப் பதில் பாதையையே வேறு பக்கம் திருப்பிவிடலாம் என்று பார்த்தது. நடப்போர் சார்பில் கேட் ஆஷ்புரூக் என்பவர் வழக்குப் போட்டார். 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கவுன்சிலின் முடிவை ரத்து செய்தது, 2003 பிப்ரவரியில் பாதை திறந்தது. ஒரு சின்ன ஒற்றையடிப் பாதைக்காக இத்தனையா என்று சிலர் கேட்பார்கள். என்னைக் கேட்டால், ஆம், இத்தனையும்தான். ஒன்றை விட்டால் அடுத்த வேலி தைரியமாக எழும்.

அடுத்து நடக்கிறவர்களுக்கு. வயலைக் குறுக்கே கடக்கும் பாதையை விவசாயி உழலாம், அது அவர் உரிமை. ஆனால் விதைப்புக்காக முதல்முறை உழுத 14 நாளுக்குள், அதன் பிறகு ஒவ்வொரு முறை மண்ணைக் கிளறியதும் 24 மணி நேரத்துக்குள், குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு நடக்கும்படி சமன் செய்து, பாதை போகும் கோடு கண்ணுக்குத் தெரியும்படி விட வேண்டும். வயலின் ஓரமாகப் போகும் பாதையை உழவே கூடாது, அதற்குக் குறைந்தது ஒன்றரை மீட்டர். பயிர் வளர்ந்து மறைத்துவிட்டதா? கோடு எங்கே போகிறதோ அதிலேயே பயிருக்குள் நடந்து போகலாம், தவறில்லை. ஜூன் மாதத்தில் ரேப்சீட் என்ற எண்ணெய் வித்துப் பயிர் தோளுயரம் நிற்கும், காய்கள் சட்டையில் கொக்கிபோல் மாட்டும், மழை பெய்திருந்தால் பத்தடிக்குள் இடுப்புவரை நனைந்துவிடும். சட்டம் போகச் சொன்னாலும் குழந்தையோடு போகிற அம்மாவால் அதில் போக முடியாது. அதனால்தான் திரும்பி வந்ததோடு நிற்காமல் புகார் கொடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். புகார் வராத பாதையை எல்லோரும் நன்றாக நடந்துகொண்டிருக்கிறார்கள் என்றுதான் கணக்கு காட்டும்.

நம்மவர்களிடம் ஒரு தயக்கம் இருக்கிறது, அதையும் பேசிவிடலாம். நிலக்காரர் தூரத்திலிருந்து "உங்களுக்கு ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்டாலே மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறோம். திரும்ப வேண்டியதில்லை. இந்த உரிமை பொதுமக்களுடையது, விசா பார்த்து வருவதில்லை. பாதையில் நடக்கலாம், நின்று மூச்சு வாங்கலாம், தள்ளுவண்டியில் குழந்தையைக் கொண்டு போகலாம். பொதுப் பாதை ஆரம்பிக்கும் இடத்தில் மக்களைப் பயமுறுத்தி விரட்டும் பொய்யான போர்டு வைப்பது 1949 சட்டத்தின்படியே குற்றம். மரியாதையாக "இது பொதுப் பாதை, நான் அதில்தான் போகிறேன்" என்று சொல்லிவிட்டு நடங்கள். நம் பக்கத்துப் பொறுப்பும் உண்டு: கேட்டை இருந்தபடியே விட்டுச் செல்ல வேண்டும், ஆடு மாடு பக்கத்தில் நாயைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். கன்றோடு நிற்கும் மாடு துரத்தினால் மட்டும் நாயை விட்டுவிடுங்கள், மாட்டின் கோபம் பெரும்பாலும் நாய் மேல்தான்.

இனி பதிவாகாத பாதைகள். எனக்கு ரொம்ப அக்கறை உள்ள பகுதி இதுதான். 1980 சட்டத்தின் 31ஆம் பிரிவு சொல்வது: பொதுமக்கள் 20 வருடம் தடையில்லாமல், பலவந்தம் இல்லாமல், ஒளிவுமறைவு இல்லாமல், அனுமதி கேட்காமல் ஒரு வழியை நடந்து பயன்படுத்தியிருந்தால், நிலக்காரர் அதைப் பொதுப் பாதையாக விட்டுவிட்டார் என்று கொள்ளலாம். 20 வருடத்தை முதன்முதலில் யாராவது தடுத்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். ஒரே ஆள் 20 வருடமும் நடந்திருக்க வேண்டும் என்பதில்லை. நீங்கள் ஏழு வருடம், அதற்கு முன் பக்கத்து வீட்டுக்காரர் பதினைந்து வருடம் என்று சேர்ந்து வந்தாலும் போதும்.

இப்படிப்பட்ட பாதையை வரைபடத்தில் சேர்க்கக் கவுன்சிலிடம் விண்ணப்பிக்கலாம்; விண்ணப்பத்தோடு நடந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு சாட்சிப் படிவம் தர வேண்டும். இதில்தான் ஊர்கள் தோற்கின்றன. கட்டுக்கட்டாகக் கடிதம் வரும்: அந்தப் பாதை எவ்வளவு அழகு, பறவைகள் எத்தனை, குழந்தைகள் பள்ளிக்குப் போக எவ்வளவு பாதுகாப்பு என்று. எல்லாம் உண்மை, மனதைத் தொடும், ஆனால் சட்டப்படி ஒன்றுக்கும் உதவாது. எதிர்த்தரப்பு தன் தனிமை கெடும் என்று எழுதுவதும் அப்படித்தான், எடுபடாது. பாதை உண்மையில் உண்டா இல்லையா என்பது ஒன்றே கேள்வி. நல்ல படிவம் எப்படி இருக்கும்? வயதான ஒரு பெண்மணி எழுதியது இது: வரைபடத்தில் அவரே கோடு போட்டு, ஓக் மரத்துக்குப் பக்கத்தில் வேலியில் இருந்த இடைவெளியை அம்பு போட்டுக் காட்டி, "1974 முதல் வாரம் இரண்டு முறையாவது, தங்கை வீட்டுக்கு, மழைக்காலத்தில் தள்ளுவண்டி போகாது, அப்போது ரோட்டு வழி, விவசாயி டிராக்டரிலிருந்து கை அசைப்பார், எதுவும் சொன்னதில்லை" என்று எழுதியிருந்தார். அந்தக் கை அசைப்பு முக்கியம். பார்த்தும் சும்மா இருந்தார் என்றால் அது அனுமதி ஆகாது. அதுவே "போய்க்கோம்மா, பரவாயில்லை" என்று வாயால் சொல்லியிருந்தால் அனுமதி கொடுத்ததாக ஆகி அவருடைய சாட்சி பலவீனமாகும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், எல்லோரும் ஒரே வாசகத்தைப் பார்த்து எழுதாதீர்கள்.

நிலக்காரர்களுக்கும் ஒரு பாதுகாப்பு உண்டு. புதிதாக எந்தப் பாதையும் விடும் எண்ணம் இல்லை என்று வரைபடத்தோடு கவுன்சிலில் அறிக்கை பதிவு செய்தால், அன்று முதல் நடப்பது கணக்கில் வராது. ஊரில் அப்படி ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தால் அதற்கு முந்தைய 20 வருடச் சாட்சியை உடனே திரட்டத் தொடங்குங்கள். சாட்சி சொல்ல வேண்டியவர்கள் எண்பதைத் தாண்டியவர்களாக இருப்பார்கள், காத்திருக்க நேரமில்லை. கவுன்சில்களில் விண்ணப்பங்கள் வருடக்கணக்கில் தேங்கிக் கிடக்கின்றன, 12 மாதத்தில் முடிவாகாவிட்டால் இன்ஸ்பெக்டரேட்டிடம் முறையிடலாம்.

1949க்கு முன்பே இருந்து பதிவாகாமல் போன பழைய பாதைகளை வரைபடத்தில் சேர்க்கத் தனிக் கெடு ஒன்று இருக்கிறது. 2000ஆம் வருடச் சட்டம் 2026 ஜனவரி 1 என்று வைத்தது, அது 2031 ஜனவரி 1க்குத் தள்ளிப்போனது, 2024 டிசம்பரில் அரசு அந்தக் கெடுவையே எடுத்துவிடப் போவதாக அறிவித்தது. அறிவிப்பை நம்பி உட்கார்ந்துவிடாமல் 2031 என்றே வைத்து வேலை செய்யுங்கள். இதற்குச் சாட்சி மனிதர்கள் அல்ல, காகிதங்கள்: தேவாலய வரிக்காக 1836 சட்டத்தின்படி வரைந்த டைத் வரைபடங்கள், ஊர்ப் பொது நிலங்களைத் தனியாருக்குப் பிரித்துக் கொடுத்த ஆவணங்கள், 1910 நிலமதிப்பீட்டு வரைபடங்கள். கவுன்டி ஆவணக் காப்பகத்தில் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

கடைசியாகப் புகார் கொடுக்கும் முறை. பாரிஷ் பெயர், பாதை எண், இடத்தைக் காட்டும் வரைபட எண் (கிரிட் ரெஃபரன்ஸ்), தேதி தெரியும்படி ஒரு படம், அந்த இடம் புரியும்படி பின்னால் ஒரு மரமோ வீடோ தெரியும்படி இன்னொரு படம். கவுன்சில் இணையதளத்தில் போட்டுவிட்டுப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே புகாரைப் பாரிஷ் கவுன்சில் கிளார்க்குக்கும் அனுப்புங்கள், ஏனென்றால் தனி ஆளின் புகாரை விட அவர்கள் எழுதுவதற்குப் பலம் அதிகம்: பாரிஷ் கவுன்சில் 1980 சட்டத்தின் 130ஆம் பிரிவின்படி முறையாக எழுதினால், அவர்கள் சொல்வது தவறு என்று தெளிவானால் ஒழிய, கவுன்டி நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். கிளார்க்கின் விலாசம் ஊர் அறிவிப்புப் பலகையிலேயே இருக்கும். அடுத்த கூட்டத் தேதியும் அங்கேதான் ஒட்டியிருக்கும், முடிந்தால் நேரில் போய் இரண்டு நிமிடம் பேசிவிட்டு வாருங்கள்.