ஒரு சென்ட்டுக்குள் குடும்பம்: வெளிநாட்டுப் பள்ளி தரும் வீட்டை எப்படி அளப்பது?

பாளையங்கோட்டையில் வீட்டு பிளான் போடுவதும், வங்கிக் கடனுக்காக வீடுகளை அளந்து மதிப்பிடுவதும் என் தொழில். இருபத்திரண்டு ஆண்டுகளாக இதே வேலை. பள்ளியும் கல்லூரியும் நிறைந்த ஊர் என்பதால் என்னிடம் வருபவர்களில் ஆசிரியர்கள் அதிகம். வீடு கட்ட வருகிறவர்கள் ஒருபுறம் இருக்க, கோடை விடுமுறையில் இன்னொரு கூட்டம் வரும். கையில் பணி நியமனக் கடிதம், செல்பேசியில் நாலைந்து படங்கள். "மஸ்கட்டில் வேலை கிடைத்திருக்கிறது, பள்ளியே வீடு தருகிறதாம். இத்தனை சதுர மீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். குடும்பத்தோடு இருக்கப் போதுமா, நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் அண்ணாச்சி" என்பார்கள்.

சம்பளத்தை ரூபாயாக்கிப் பார்க்க யாரும் மறப்பதில்லை. வீட்டின் அளவை அப்படி ஊர்க் கணக்குக்கு மாற்றிப் பார்க்கிறவர்கள் குறைவு. நமக்கு மனை என்றால் சென்ட் கணக்கு. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. சதுர மீட்டரில் 40.47. ஆகவே கடிதத்தில் '40 சதுர மீட்டர்' என்று இருந்தால் ஒரு சென்ட் என்று மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சுத்தமல்லிப் பக்கம் ஐந்து சென்ட்டில் வீடு கட்டி, புறவாசலில் முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்திருக்கிறவருக்கு அந்த ஒரு சொல்லிலேயே பாதி விஷயம் விளங்கிவிடும். சதுர அடியில் வேண்டுமானால் 10.76ஆல் பெருக்கிக்கொள்ளலாம்.

மாற்றிய பிறகுதான் உண்மையான கேள்வி வருகிறது: அந்த எண் எதை எதையெல்லாம் உள்ளடக்கியது?

இதை நான் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். தொழில் தொடங்கிய சில ஆண்டுகளில் இயற்பியல் ஆசிரியர் ஒருவர் சீனாவில் ஒரு பள்ளியில் சேரப் போவதாகச் சொல்லிக் கடிதத்தைக் காட்டினார். 62 சதுர மீட்டர் என்று இருந்தது. 667 சதுர அடி, நான்கு பேருக்குத் தாராளமாகப் போதும், தைரியமாகக் குடும்பத்தோடு போங்கள் என்று சொல்லிவிட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை. சீனாவில் வீட்டுப் பரப்பைச் சொல்லும்போது லிஃப்ட், மாடிப்படி, பொது நடை ஆகியவற்றில் அந்த வீட்டுக்கு உரிய பங்கையும் சேர்த்தே சொல்வது வழக்கம். அடுக்குமாடியில் மொத்த அளவில் கால்வாசி வரைகூட இப்படிப் போய்விடும். அவர் உள்ளே போய் அளந்தபோது கிடைத்தது 47. மூன்றாம் மாதம் அவர் மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊர் திரும்பினார். விமானக் கட்டணம் போயிற்று, பிள்ளைகளுக்கு அந்த ஆண்டுப் படிப்பும் போயிற்று. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் என் வாயிலிருந்து வந்த 'தாராளம்' என்ற சொல்லை நம்பித்தான் அவர் டிக்கெட் எடுத்தார் என்பது எனக்குத் தெரியும்.

சென்னையில் பிளாட் வாங்கியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பொது இடத்தின் பங்கும் சேர்ந்த சூப்பர் பில்ட்-அப் என்று ஒரு கணக்கு, வெளிச்சுவரும் பால்கனியும் சேர்ந்த பில்ட்-அப் என்று ஒரு கணக்கு, கார்ப்பெட் ஏரியா என்று ஒரு கணக்கு. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் வந்த பிறகுதான் கார்ப்பெட் ஏரியாவுக்குச் சட்டப்படி ஒரு பொருள் கிடைத்தது: வெளிச்சுவர், குழாய்கள் செல்லும் குழி, பால்கனி, திறந்த மாடி எல்லாம் கழிய மிச்சம் இருக்கும் இடம், உள்ளே அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் மட்டும் அதில் சேரும். வெளிநாட்டுப் பள்ளியிடமும் இந்த அளவைத்தான் கேட்க வேண்டும். அவர்கள் ஊரில் இதற்கு என்ன பெயரோ, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். "வெளிச்சுவருக்கு உள்ளே, பால்கனி நீங்கலாக, எத்தனை சதுர மீட்டர்?" என்று கேட்டால் எந்த நாட்டுக்காரருக்கும் புரியும்.

சென்ற ஆண்டு ஒரு கணித ஆசிரியை தம் கணவரோடும் பதினோரு வயது மகளோடும் வந்தார். வளைகுடா நாட்டுப் பள்ளி ஒன்று 48 சதுர மீட்டர் வீடு தருவதாக எழுதியிருந்தது. எட்டு மீட்டருக்கு ஆறு மீட்டர். படத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை என்று மூவரையும் அலுவலக மொட்டைமாடிக்கு அழைத்துப் போனேன். டேப்பைப் பிடித்து, நூல் கட்டி, சாக்கட்டியால் முழு அளவில் கோடு போட்டோம். முதலில் வெளிக்கோடு. சுற்றிலும் வெளிச்சுவர் 20 சென்டிமீட்டர் என்று உள்ளே இன்னொரு கோடு போட்டபோதே ஐந்தரைச் சதுர மீட்டர் காணாமல் போயிற்று. பால்கனி மூன்றரைக்குச் சற்று மேல். மிச்சம் 39. ஒரு சென்ட்டுக்கும் குறைவு.

அறைகளைப் பிரித்தோம். அடுக்களை எட்டடிக்கு ஐந்தடி. ஆசிரியை அதற்குள் போய், அடுப்புத் திண்டு என்று நான் கோடிட்ட இடத்தைப் பார்த்து நின்றார். குக்கரை இறக்குவதுபோல் இரண்டு கைகளையும் நீட்டித் திரும்பினார். குதிகால் எதிர்ச்சுவர்க் கோட்டுக்கு வெளியே போய்விட்டது. "ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் நான் வெளியே போய் நிற்க வேண்டுமே, சார்" என்றார். துணி துவைக்கும் இயந்திரமும் அதே அடுக்களைத் திண்டின் கீழ்தான்; அதற்கு அறுபது சென்டிமீட்டர் அகலம் வேண்டும். கிரைண்டருக்கு இடமே இல்லை. படுக்கையறை மூன்று மீட்டர் அகலம். ஐந்தடிக் கட்டிலை ஒரு சுவரோரம் வரைந்தோம், எதிரே இரண்டடி ஆழத்துக்கு அலமாரி. நடுவில் நடக்க ஏறக்குறைய மூன்றடி மிஞ்சியது. அது போதும். மகளுக்குத் தனியறை இல்லை. பட்டாசலில், அதாவது கூடத்தில், ஒரு மூலையில் அவளுடைய கட்டிலும் படிக்கும் மேசையும். அந்தப் பெண் அந்தக் கட்டங்களுக்குள் உட்கார்ந்து, இது என் இடம் என்று சாக்கட்டியால் பெயர் எழுதிக்கொண்டது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தரையில் போட்ட கோடு எப்போதும் சிறிதாகவே தெரியும். அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்டக் கோடு போடும் நாளில் வீட்டுக்காரர் முகம் வாடாத மனையை நான் பார்த்ததில்லை. சுவர் எழும்பிக் கூரை வந்த பிறகு அதே அறை பெரிதாகத் தெரியும். ஆகவே கோட்டைப் பார்த்து மலைக்க வேண்டாம். கட்டில், மேசை, கதவு திறக்கும் வீச்சு இவற்றை வரைந்து, அதற்குள் நடந்து, குனிந்து, திரும்பிப் பார்த்து முடிவு செய்யுங்கள். உடம்பு சொல்லும் அளவில் பிழை வருவதில்லை.

புகைப்படத்தை மட்டும் நம்பாதீர்கள். இப்போதைய செல்பேசிகளில் அகன்ற கோணத்தில் எடுக்கும் வசதி உண்டு. பத்தடி அறை மண்டபம் போல விரியும். படத்தின் ஓரத்தில் இருக்கும் வாளியோ தட்டோ நீள்வட்டமாக இழுபட்டிருந்தால், கதவு நிலை சாய்ந்து தெரிந்தால், அது அப்படி எடுத்த படம். அதற்குப் பதிலாக வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். சுவரோரமாகத் தரையைக் காட்டியபடி மூலையிலிருந்து மூலைக்கு நடக்கச் சொல்லுங்கள். டைல்ஸ்களை எண்ணிவிடலாம். ஒரு டைல் என்ன அளவு என்று தெரியாவிட்டால், ஆசிரியர்கள் வீட்டில் ஏ4 தாளுக்குப் பஞ்சம் இருக்காது. இரண்டு தாள்களை நீளவாக்கில் ஒட்டிவைத்தால் 59.4 சென்டிமீட்டர், இரண்டடி டைல் என்றால் ஏறக்குறைய அதே நீளம் இருக்கும். ஐந்துக்கு ஆறு டைல் உள்ள அறை மூன்று மீட்டருக்கு மூன்றரை மீட்டரைத் தாண்டும், 116 சதுர அடி. காட்டுவது உங்களுக்குத் தரப்போகும் அதே வீடா, மாதிரி வீடா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

ஜப்பானுக்குப் போகிறவர்களுக்குக் கணக்கு எளிது. டோக்கியோவில் இந்தியப் பள்ளிகள் இருக்கின்றன, நம்மவர்கள் போகிறார்கள். அங்கே அறையின் அளவைப் பாய்க் கணக்கில் சொல்வார்கள். வீட்டு விளம்பரங்களில் ஒரு பாய் என்றால் குறைந்தது 1.62 சதுர மீட்டர். நாம் படுக்கும் மூன்றுக்கு ஆறடிக் கோரைப்பாய் 1.67. பத்தமடைக்காரருக்கு வேறு விளக்கம் வேண்டுமா? 'ஆறு பாய் அறை' என்றால் ஆறு பாயை விரித்துப் பார்த்தால் போயிற்று. அங்கே 'லாஃப்ட்' என்று பரண் போன்ற ஒன்றைப் படத்தில் அழகாகக் காட்டுவார்கள். அதன் உயரம் 1.4 மீட்டருக்குள்தான் இருக்கும். நிமிர்ந்து உட்காரலாம், நிற்க முடியாது.

போதுமான அளவு எது என்பதற்கு நாட்டுக்கு நாடு வேறு கணக்கு. தனி ஆளுக்குக் குறைந்தபட்சம் என்று ஜப்பான் அரசு சொல்வது 25 சதுர மீட்டர். மூன்று பேருக்கு 40. தென்கொரியா 2011இல் வகுத்தது தனி ஆளுக்கு 14, மூன்று பேருக்கு 36. இங்கிலாந்தில் 2015இல் புதிய வீடுகளுக்கு வகுத்த தரத்தில் தனி ஆளுக்கே 37. ஆகவே 'எங்கள் நாட்டு விதிப்படி போதுமான வீடு' என்று பள்ளி எழுதினால் அது உங்களுக்குப் போதும் என்று ஆகிவிடாது. என் அனுபவத்தில், மூவர் கொண்ட நம் குடும்பம் சமைத்து, துணி உலர்த்தி, பிள்ளையைப் படிக்க வைத்துக் குடித்தனம் நடத்த, சுவருக்குள் 45 சதுர மீட்டராவது வேண்டும். தனியாகப் போகும் ஆசிரியருக்கு 25 இருந்தால் சமாளிக்கலாம்.

தனியாகப் போகிறவர்கள் அளவுக்கு முன்னால் இன்னொன்றைக் கேட்க வேண்டும். அந்த வீட்டில் எத்தனை பேர்? 'தங்குமிடம் வழங்கப்படும்' என்ற ஒரு வரிக்குள் தனி வீடும் அடங்கும், மூன்று பேர் பகிரும் வீட்டில் ஓர் அறையும் அடங்கும், அந்த அறையில் ஒரு கட்டிலும் அடங்கும். மாலத்தீவின் தலைநகரான மாலே இரண்டு சதுர கிலோமீட்டர் அளவே உள்ள தீவு; அங்கே இடம் கிடைப்பதே அரிது என்பதால் பகிர்ந்து தங்குவது சாதாரணம். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், பக்கத்தில்தானே என்று கேட்காமல் போய்விடுகிறார்கள். மேலப்பாளையத்து ஆசிரியை ஒருவர் 90 சதுர மீட்டர் வீடு என்று மகிழ்ந்து போனார். வீடு 90தான். உள்ளே இருந்தவர்கள் ஆறு பேர், குளியலறை ஒன்று. காலை ஏழரைக்கு எல்லோரும் பள்ளிக்குக் கிளம்ப வேண்டும். நாலரை மணிக்கு எழுந்தால்தான் தனக்கு முறை வரும் என்று அவர் எழுதியதைப் படித்தபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை.

கேட்பதை எல்லாம் மின்னஞ்சலில் கேளுங்கள். பதிலை வாங்கிய பிறகு கையெழுத்திடுங்கள். முகவர் வாய்ச்சொல்லாகத் தரும் உறுதி அங்கே போனபின் செல்லாது. (அந்த முகவர் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துவிடலாம்.) வீடு வேண்டாம் என்றால் வாடகைப் படியாக எவ்வளவு தருவார்கள் என்ற கேள்வியையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள். பல பள்ளிகள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள விடுகின்றன. கேட்டவருக்குத்தான் அது தெரியவரும். கேட்டால் வேலை போய்விடுமோ என்று தயங்குகிறார்கள். என்னிடம் வந்தவர்களில் இதைக் கேட்டதற்காக வேலை இழந்தவர் ஒருவர்கூட இல்லை.

மொட்டைமாடியில் நின்று பார்த்த அந்தக் கணித ஆசிரியை அன்றிரவே எழுதினார். நான்காம் நாள் பதில் வந்தது. சுவருக்குள் 39 என்று பள்ளியே ஒப்புக்கொண்டது; அதே கட்டடத்தில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்று காலியாகிறது, வாடகை வித்தியாசத்தில் பாதியை ஏற்றுக்கொண்டால் தருகிறோம் என்றது. அதற்கு உள்ளளவு 57. மறுபடி மூவரும் வந்தார்கள், மறுபடி கோடு போட்டோம். இந்த முறை கிரைண்டருக்கு ஒரு மூலை கிடைத்தது.

இந்த ஆண்டும் கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. மாலை ஐந்து மணிக்கு மேல் என் அலுவலக மாடி காலியாகத்தான் இருக்கும். அளவோடு வாருங்கள், சமைக்கிறவரையும் கூடவே அழைத்து வாருங்கள். டேப்பும் சாக்கட்டியும் என்னிடம் இருக்கின்றன.