ஆர்க்ரைட்: கப்பலும் இல்ல, எழுத்தும் இல்ல

தொழிற்புரட்சி பத்தி தமிழ்ல எதைப் படிச்சாலும், நூற்பு மிஷினும் ஆலையும் வச்ச இங்கிலாந்துக்காரர் ரிச்சர்ட் ஆர்க்ரைட் வந்துருவார். வரட்டும், நல்ல விஷயம்தான். ஆனா அந்தப் பேருக்கு அர்த்தம் சொல்றேன்னு கிளம்புறவங்கதான் தாங்க முடியல. 'ஆர்க்னா நோவாவோட கப்பல், அப்போ ஆர்க்ரைட்னா கப்பல் கட்டுற பரம்பரை'ங்கறாங்க. இன்னும் சிலர் 'ரைட்'ங்கறத எழுதுறதுன்னு எடுத்துக்கிட்டு 'பேழை எழுத்தர்'னே போட்டுடறாங்க. பேழைக்கு எதுக்குங்க எழுத்தர், கணக்கு எழுதவா?

ரெண்டாவது தப்பு ஏன் வருதுன்னு புரியுது. இங்கிலீஷ்ல 'ரைட்'னு ஒலிக்கிற சொல்லு பல இருக்கு: சரி, எழுது, அப்புறம் செய்பவர். ஸ்பெல்லிங் வேற வேற, தமிழ்ல எழுதினா எல்லாம் ஒண்ணாயிரும். இந்தப் பேர்ல இருக்கிறது மூணாவது. பழைய ஆங்கிலத்துல 'விர்ஹ்தா'ன்னா வேலை செய்றவர், ஒரு பொருளை உருவாக்குறவர். 'ஒர்க்'கும் இதே வேர்தான். கார்ட்ரைட்னா வண்டி செய்றவர், வீல்ரைட்னா சக்கரம் செய்றவர். நாடகம் எழுதுறவருக்கு அவங்க சொல்ற 'ப்ளேரைட்'லகூட எழுத்து கிடையாது, நாடகத்தைச் 'செய்றவர்'தான். வெறும் 'ரைட்'ங்கற குடும்பப்பேரு இங்கிலாந்துல ரொம்ப சகஜம், முதல் இருபதுக்குள்ள வரும். ஆர்க்ரைட் அப்படி இல்ல, அபூர்வம். வட இங்கிலாந்துல லங்காஷயர் பக்கத்துப் பேரு, அந்த ஒரு மனுஷன் இல்லன்னா நமக்கெல்லாம் தெரிஞ்சே இருக்காது.

இப்போ 'ஆர்க்'. லத்தீன்ல 'ஆர்கா'ன்னா பெட்டி, அவ்வளவுதான். லத்தீன் பைபிள்ல நோவாவோடதும் ஆர்கா, பத்துக் கட்டளைப் பலகை வச்சிருந்த பெட்டியும் ஆர்கா. அங்கேருந்து பழைய ஆங்கிலத்துக்கு வந்துச்சு. கூர்முனை, பாய்மரம் எல்லாம் படப்புத்தகக்காரங்க வேலை. நம்ம தமிழ் பைபிள்காரங்க இதுல கெட்டி, நோவாவுக்கு 'பேழை'ன்னு போட்டாங்க, கட்டளைப் பலகை வச்சதுக்கு 'உடன்படிக்கைப் பெட்டி'ன்னு போட்டாங்க, ரெண்டுமே பெட்டிதான். தமிழ் பைபிளைப் புரட்டினவனுக்கு இந்தக் கப்பல் குழப்பமே வந்திருக்கக் கூடாது.

வட இங்கிலாந்துல ஆர்க்னா வீட்டுப் பொருள். கருவாலி மரத்தைப் பலகையாப் பிளந்து, மர முளை அடிச்சு இறுக்கின பெரிய பெட்டி. தானியம், மாவு, ரொட்டி இதெல்லாம் அதுலதான் வைப்பாங்க, எலிகிட்டேருந்தும் ஈரத்துலேருந்தும் காப்பாத்தணும்ல. மூடியைக் கழட்டிக் கவுத்தா மாவு பிசையிற தொட்டியாவும் ஆகும்னு சொல்வாங்க. இந்தப் பெட்டியைச் செஞ்சு கொடுத்த தச்சர்தான் ஆர்க்ரைட்.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? இங்கதான் சண்டை. தனித்தமிழ் நண்பர்கள் கொடுக்கிறது 'பேழைவினைஞர்'. இதுல நியாயமே இல்லன்னு சொல்ல மாட்டேன், வினைஞர்ங்கறது அந்த 'வேலை செய்றவர்'ங்கற வேருக்கு அச்சாப் பொருந்துது, பழைய சொல்லும்கூட. ஆனா படிக்கிறவன் மனசுல என்ன வரும்னு யாராச்சும் யோசிச்சாங்களா? இன்னைக்குப் பேப்பர்ல பேழைன்னு எப்போ பாக்கிறோம்? தலைவர் செத்தா பாக்கிறோம். கண்ணாடிப் பேழை, குளிரூட்டப்பட்ட பேழை, 2018ல கலைஞருக்கு சந்தனப் பேழை. பேழைவினைஞர்னா சவப்பெட்டி செய்றவர்னுதான் பாதிப்பேர் நினைப்பான், மீதிப்பேர் நகைப்பெட்டின்னு நினைப்பான். மாவும் கோதுமையும் ஒருத்தன் நினைப்புலயும் வராது. வேர் சரியா இருந்து பொருள் போய்ச் சேரலன்னா அந்தச் சொல்லை வச்சுக்கிட்டு என்ன பண்றது, நிகண்டுல சேக்கவா?

'பெட்டித் தச்சர்' பரவால்ல. ஆனா துணிப்பெட்டியா, காசுப்பெட்டியா, ட்ரங்குப்பெட்டியான்னு தெரியாது, ரொம்பப் பொது.

என் ஓட்டு பத்தாயத்துக்குத்தான். தஞ்சாவூர்ப் பக்கம் பழைய மிராசு வீடுகள்ல நெல்லு கொட்டி வைக்க மரத்துல இருக்குமே அதே பத்தாயம், மேல கொட்டுற வாய், கீழ நெல்லை இறக்கிக்க ஒரு சின்னத் திறப்பு. மலையாளத்துலயும் இதே பேருதான். மரமா? மரம். தானியமா? தானியம். எலி பயமா? அதுவும்தான். ஆர்க்குக்கு இதைவிட நெருங்கின பொருள் நம்ம வீட்டுல கிடையாது. குதிர்னு சொல்லலாமேம்பீங்க, ஆனா குதிர் மண்ணுல வனையிறது, குயவர் வேலை, அதுக்குத் தச்சர் எதுக்கு? எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைங்கற பழமொழியால அது எல்லாருக்கும் தெரியுதுங்கறதுக்காக மரப்பெட்டிக்கு அந்தப் பேரை வைக்க முடியாது.

பத்தாயத்து மேலயும் ரெண்டு குறை சொல்றாங்க. ஒண்ணு, அளவு. ஆமா, அவங்க ஆர்க் பெரும்பாலும் இடுப்பு உயரம், நம்ம பத்தாயம் ஆளையே முழுங்கும். ஒத்துக்கறேன், ஆனா பயன் ஒண்ணுதானே. ரெண்டாவது, அது வட்டாரச் சொல்லாம். அட, ஆர்க்கும் வட்டாரச் சொல்லுதாங்க! அதனாலதான் இந்தப் பேரு லங்காஷயரை விட்டு அதிகம் நகரல. அவன் ஊர்ச் சொல்லுக்கு நம்ம ஊர்ச் சொல்லைக் கொடுக்கிறதுல என்ன கௌரவக் குறைச்சல்?

பின்னாடி வர்ற 'ரைட்'டுக்கு 'தச்சர்' போதும். இங்கிலாந்தோட வடக்குலயும் ஸ்காட்லாந்துலயும் வெறும் 'ரைட்'னாலே மரவேலைக்காரர்தான், 'கார்பென்டர்'ங்கறது பிரெஞ்சு வழியா அப்புறம் வந்தது. ஆக, ஆர்க்ரைட்னா பத்தாயத் தச்சர். இது விளக்கத்துக்கு மட்டும், பேரையே மொழிபெயர்த்து 'ரிச்சர்ட் பத்தாயத்தச்சர்'னு எழுதிடாதீங்க, கையெடுத்துக் கும்பிடறேன்.

இன்னொரு எரிச்சல், இந்த மாதிரிப் பேருங்களை 'குலத்தொழில் பெயர்'னு எழுதறது. நம்ம ஊர்க் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு எல்லாத்தையும் பாக்கிறது. அங்க ஒரு மூதாதை செஞ்ச தொழில் பேரா ஒட்டிக்கிச்சு, பேரு வழிவழியா வந்துச்சு, தொழில் வரல. ரிச்சர்டையே எடுத்துக்கோங்க. 1732ல பிரஸ்டன்ல பொறந்தார், அப்பா தையல்காரர். இவரு முடி வெட்டினார், விக் செஞ்சார், அப்புறம் ஜான் கே-ங்கற கடிகாரக்காரரைக் கூட்டு சேத்துக்கிட்டு நூற்பு மிஷின்ல எறங்கினார், 1769ல பேட்டன்ட், 1771ல க்ரோம்ஃபோர்டுல ஆலை. 1785ல பேட்டன்ட் கோர்ட்ல செல்லாமப் போச்சு, மறுவருஷமே சர் பட்டம் கெடைச்சுது, அது வேற கதை. இதுல எங்க இருக்கு பெட்டியும் பத்தாயமும்? 'தொழில்வழிக் குடும்பப்பெயர்'னு எழுதினா முடிஞ்சுது.

அந்த மிஷின் பேரையும் விட்டு வைக்கல. 'வாட்டர் ஃப்ரேம்'ங்கறத 'நீர்ச்சட்டம்'னு எழுதறாங்க. காவிரித் தண்ணி பங்கீட்டுக்குப் போட்ட சட்டம்னு நெனச்சுக்கிட்டா படிக்கிற பையன் மேல என்ன தப்பு? ஃப்ரேம்னா சட்டம்னு அகராதியில இருக்கு, சரி, ஆனா அங்க ஃப்ரேம்ங்கறது நூல் நூக்கிற மிஷின், அது ஓடுறது ஆத்துத் தண்ணி வேகத்துல. 'நீர்விசை நூற்பு இயந்திரம்'னு எழுத ரெண்டு சொல்லு கூடுதலா ஆகும், ஆகட்டுமே, பேப்பர் என்ன அவங்க வீட்டுப் பத்தாயத்துலேருந்தா வருது?