யாசகர், வீடற்றவர்: வீதியில் உறங்குபவரை எப்படிச் சொல்வது?

யாசகர் என்றால் கேட்பவர். 'யாச்' என்ற வடமொழி வினையடிக்கு இரந்து கேட்டல் என்று பொருள். யாசகம், யாசகன், யாசித்தல் எல்லாம் அதன் வழி வந்தவை. வீடு, கூரை, படுக்கை எதைப் பற்றியும் இந்தச் சொல் பேசவில்லை. ஆனாலும் கொழும்பில் வீதியோரம் படுத்திருக்கும் எவரையும் குறிக்க நமது பத்திரிகைகள் இதையே எடுத்தாளுகின்றன. கடை வாசலில் இறந்து கிடந்தவர் யாரென்று தெரியும் முன்பே தலைப்பில் அவர் யாசகராகிவிடுகிறார்.

இலங்கைத் தமிழில் இச்சொல் இவ்வளவு ஊன்றியதற்குப் பக்கத்து மொழியும் காரணம் என்றே நினைக்கிறேன். சிங்கள எழுத்து வழக்கில் 'யாசக' தான்; 'ஹிங்கன்னா' பேச்சுக்கு உரியது. அறிக்கை மொழிபெயர்க்கப்படும்போது சொல்லும் கூடவே வந்துவிடுகிறது. பிச்சைக்காரன் என்பதைவிட மரியாதையாகவும் ஒலிக்கிறது. மரியாதைதான், ஆனால் ஆள் மாறிப்போகிறது.

இரவு பத்து மணிக்குமேல் கொழும்பின் கடைத்தெருவான புறக்கோட்டையில் நடந்து பாருங்கள். பகலெல்லாம் மூட்டை சுமந்த நாட்டாமை ஒருவர், அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தன் கைவண்டியின் மேலேயே விரித்துப் படுத்திருப்பார். செருப்பு தலைமாட்டில், திருட்டுப் போகாதிருக்க. (தமிழ்நாட்டு வாசகருக்கு: கொழும்பில் நாட்டாமை தீர்ப்புச் சொல்பவர் அல்லர், சுமை தூக்குபவர்.) அவர் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. கூலி கிடைக்கிறது; அறை வாடகைக்கு அது எட்டவில்லை, அல்லது ஊருக்கு அனுப்பியது போக மிஞ்சவில்லை. மறுபுறம், செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலடியில் கை நீட்டுகிறவர்களில் பொழுது சாய்ந்ததும் பஸ் ஏறி வீடு போகிறவர்களும் உண்டு. இவர் யாசகர், வீடற்றவர் அல்லர். அவர் வீடற்றவர், யாசகர் அல்லர்.

பிச்சை என்பதும் 'பிக்ஷா' என்ற வடசொல்லின் தமிழ் வடிவமே. பிக்கு என்ற சொல்லும் அதே வேரில் முளைத்தது. பிக்குவுக்கு பஸ்ஸில் முன் இருக்கையை 'மதகுருமாருக்கு' என்று எழுதியே ஒதுக்கியிருக்கிறோம். பிச்சைக்காரர் மிதிபலகையில் கால் வைத்ததும் நடத்துநர் விசில் ஊதுகிறார். இன்னும் வியப்பு 'அநகாரிக'. பாளி மொழியில் 'அகார' வீடு. அநகாரிக, வீடு இல்லாதவர். 1864இல் கொழும்பில் பிறந்த பௌத்த மறுமலர்ச்சியாளர் தர்மபால தானே விரும்பிச் சூடிக்கொண்ட பட்டம் அது. நகரின் பெரிய வீதிகளுள் ஒன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. வீட்டைத் தானாக விட்டு வந்தால் துறவு. இழந்து வந்தால் குற்றம்.

குற்றம் என்று அழுத்தத்துக்காகச் சொல்லவில்லை. பிரித்தானியர் 1841இல் கொண்டுவந்த, தமிழில் 'அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம்' எனப்படும் சட்டத்தின் ஒரு பிரிவைப் பாருங்கள்: உரிமையாளரின் அனுமதியில்லாமல் விறாந்தையிலோ கொட்டிலிலோ ஆளில்லாத கட்டடத்திலோ வண்டியிலோ தங்கி, பிழைப்புக்கு வழி காட்டாமலும் தன்னைப் பற்றித் தக்க விளக்கம் தராமலும் இருப்பவர் தண்டனைக்குரியவர். ரசீது இல்லாத கூலி வாங்கும் நாட்டாமை, நள்ளிரவில் எந்த வழியைக் காட்டுவார்? பிடிபட்டவர்களை அனுப்பும் தடுப்பு இல்லங்களுக்கான சட்டம் 1907இல் வந்தது. அத்தகைய இல்லங்களுள் ஒன்று அம்பலாந்தோட்டைப் பக்கத்து ரிதியகமவில் இருக்கிறது.

அம்பலாந்தோட்டை என்ற பெயரிலேயே அம்பலம் கேட்கிறது. பலரும் கூடும் பொதுவெளி நமக்கு அம்பலம். சிங்களத்தில் 'அம்பலம' வழிப்போக்கர் தங்கும் மண்டபம். வடக்கில் அதற்கு மடம் என்று பெயர். பருத்தித்துறையின் தெருமூடி மடம் வீதிக்கு மேலேயே கூரை போட்டு நிற்கிறது. அங்கே படுக்க எவரும் 'தக்க விளக்கம்' தர வேண்டியதில்லை.

இன்னும் பழைய சொல் ஒன்று குறளில் கிடக்கிறது: துச்சில். உடம்பில் உயிர் தற்காலிகமாகக் குடியிருப்பதைச் சொல்லும் குறளில் 'புக்கில்' நிலையான வீடு, 'துச்சில்' ஒதுங்கும் இடம். அதற்குப் பரிமேலழகரும் ஒதுக்கிருத்தல் என்றே உரை காண்கிறார். மழைக்கு ஒதுங்கினேன் என்று இன்றும் நாம் சொல்வது இதே பொருளில்தான். ஒதுங்கு தன்வினை, ஒதுக்கு பிறவினை. ஒதுங்க இடம் தேடி வந்தவரை ஒதுக்கிவிடுவதற்கு ஓர் எழுத்துப் போதும்.

கொட்டாஞ்சேனைப் பக்கத்துச் சனசமூக நிலையம் ஒன்றின் மண்டபத்தை மழைக்கால இரவுகளில் திறந்துவிடுவது பற்றிய கூட்டமொன்றில் ஒதுங்கு, ஒதுக்கு என்ற இந்த இரண்டும் ஒன்றாகவே ஒலித்தன. பிள்ளைகள் டியூஷனுக்கு வருகிற இடம் என்றார் ஒருவர். போதைக்காரரும் சேர்ந்து வந்தால் பூட்டுத் திறப்பு யார் கையில் என்று இன்னொருவர் கேட்டார். இரண்டும் நியாயமான கேள்விகள். காவலுக்கு ஆளும் கழிவறைக்குத் தண்ணீரும் இல்லாமல் மண்டபத்தைத் திறப்பது தருமம் ஆகாது. ஆனால் மூன்றாமவர், வேண்டுமானால் தினமும் சாப்பாட்டுப் பார்சல் கொடுப்போம் என்றார், எல்லாரும் தலையாட்டினார்கள். கொழும்பின் வழக்கமே இதுதான். அன்னதானத்துக்கும், தன்சல் எனும் பௌத்தர்களின் இலவச உணவுப் பந்தலுக்கும் பஞ்சமில்லை; பாய் அகல நிலம் என்றால் பேச்சு நின்றுவிடும். கூட்ட அறிக்கையில் விடயத்தின் பெயர் 'யாசகர் பிரச்சினை' என்று பதிவானது. யாசகர் என்று எழுதினால் விடையும் பார்சலாகத்தானே இருக்கும்? கேட்பவருக்குக் கொடுத்து முடித்துவிடலாம்.

ஆகவே வழக்குக்கு. கை நீட்டிக் கேட்பவரை யாசகர் எனலாம். தூய தமிழ் வேண்டுவோருக்கு இரவலர் இருக்கிறது. இர என்ற அந்த அடி, இரவல் நகையிலும் இரவல் புத்தகத்திலும் இன்றும் புழங்குகிறது. உறங்க இடமில்லாதவர், கேட்டாலும் கேளாவிட்டாலும், வீடற்றவர். வீடு என்றால் முத்தி அல்லவா என்று குறுக்கிடும் பண்டிதர்கள் பொறுத்தருள்க. துச்சில் அழகான சொல், ஆனால் உரை இல்லாமல் எவருக்கும் விளங்காது. மண்டபத்துக்கு 'இரவுத் தங்குமிடம்' போதும். பலகையில் 'வீடற்றோர்' என்று முன்னால் சேர்க்க வேண்டாம். உள்ளே போகிறவர் ஒவ்வோர் இரவும் அதன் கீழாகத்தான் நுழைய வேண்டியிருக்கும்.